இருபத்து மூணு மணி

போன மாசம் ஒரு மத்தியானம், சாப்ட்டு சித்த நேரம் சாயலாம்னு பாயை விரிக்கிறேன், போன் அடிக்குது. திவ்யா. செங்கல்பட்டு டிராவல் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் நான் தேய்ச்ச நாற்காலியில இப்ப உக்காந்திருக்கிற பொண்ணு. எடுத்த எடுப்புலயே கோவம்.

"இன்னா மேடம், அநியாயமா கீது? கஸ்டமர்கிட்ட 'டொரான்டோவுக்கு இருபத்திரெண்டு மணி ஆவும்'னு சொன்னேன். அதுக்குப் போயி நம்ம மொதலாளி சின்ன பாய் எல்லார் எதிர்லயும் திட்றாரு. வெறும் 'மணி'ன்னு சொல்லக் கூடாதாம். 'மணி நேரம்'னு சொல்லணுமாம், இல்லன்னா 'நம்ம கடிகாரத்துல இத்தனை மணிக்கு'ன்னு சொல்லணுமாம். செவுத்துல போர்டு வேற. எந்தப் பைத்தியம் மேடம் இத எழுதி மாட்டுச்சு?"

"நான்தாண்டி"ன்னேன்.

"ஐயோ, சாரி மேடம்."

"சாரி கெடக்குது. ஏன்னு கேட்டியே, அது போன்ல சொன்னா ஆவாது. எழுதி அனுப்பறேன், நாலு பேரும் சேந்து படிங்க"ன்னேன். அதுக்குத்தான் இது. எழுதிப் பழக்கமில்லாத கை. டிக்கெட் எழுதின கை, அவ்ளோதான்.

எங்கப்பா மதுராந்தகத்துப் பக்கம் அடுத்தவங்க கழனியில நாத்துக்கட்டு சொமந்த ஆளு. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு, 'டைப்பிஸ்ட் தேவை'ன்னு ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைப் பாத்து அந்த மாடிப்படி ஏறினேன். அதுவரைக்கும் ஏரோப்ளேனை அண்ணாந்து பாத்ததோட சரி. ஆறு மாசம் சென்னைக்கு ரயில்ல போயி டிக்கெட் எழுதுற கோர்ஸ் படிச்சேன். அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. பாதி கிளாஸ் தூங்கினேன், எப்படியோ பாஸ் பண்ணினேன்.

அப்ப மொதலாளி காதர் பாய், கோவளத்துக்காரர். சின்ன பாயோட அப்பா. குரலை உசத்தி நான் கேட்டதே இல்ல. யாராவது தப்பு பண்ணிட்டா, போன் ரிசீவரை எடுத்து அவங்க கையிலயே குடுத்து, "நீயே சொல்லிடும்மா"ன்னுவார். அவ்ளோதான். டிக்கெட்ல பேர் மாறிப் போச்சா, தேதி தப்பா விழுந்துச்சா, கஸ்டமர்கிட்ட நம்ம வாயாலயே சொல்லணும். அவர் நடுவுல பூந்து சமாளிக்க மாட்டார். அந்த ரிசீவர் கனம் இருக்கே, அப்பப்பா! அதுக்கு ரெண்டு அறை வாங்கினா நிம்மதியா வூட்டுக்குப் போவலாம்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. கஸ்டமர் வந்து எதிர்ல உக்காந்ததும் கையில கட்டின வாட்ச்சைக் கழட்டி, அவர் போற ஊர் நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைப்பார். "அவன் போய் எறங்குற எடத்துல என் மனசும் இருக்கணும்ல?"ன்னுவார். வச்சதைத் திருப்பி நம்ம நேரத்துக்கு வைக்க மறந்துடுவார். ஜித்தா நேரத்துல வூட்டுக்குச் சாப்பிடப் போயி, ஆறின சோத்தோட சேத்து வீட்டம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கினு வருவார். எனக்குத் தெரிஞ்சே எத்தனையோ தடவை.

இப்ப நீங்க ரெண்டு ஊர் பேரை போன்ல தட்டினா தூரம், நேரம் எல்லாம் பளிச்சுன்னு வந்து நிக்குது. அப்ப எங்களுக்கு மாசா மாசம் வெளிநாட்டுல இருந்து தலகாணி சைஸுல ஒரு புஸ்தகம் வரும். எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு எந்த ப்ளேன், எத்தனைக்குக் கிளம்புது, எத்தனைக்கு எறங்குதுன்னு எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல இருக்கும். அதுல ஒரு சூட்சுமம். கிளம்புற நேரம் கிளம்புற ஊர் கடிகாரம். எறங்குற நேரம் எறங்குற ஊர் கடிகாரம். ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா வர்றது பிரயாண நேரம் இல்ல. ரெண்டையும் லண்டன் நேரத்துக்கு மாத்தி, அப்புறம்தான் கழிக்கணும். இது புரியாம மாட்டிக்கினவங்க எத்தனை பேர்!

திருப்போரூர்ல பிளாட் போட்டு வித்துகினு இருந்த ஒருத்தர், ஷார்ஜாவுக்குப் போயிட்டு வந்து நேரா எங்க மாடிக்கு ஏறினார். டிக்கெட்டைத் தூக்கி மேசை மேல போட்டார்.

"இன்னா பாய், ஏமாத்து வேலையா? போம்போது நாலு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு எறங்கிட்டான். ரெண்டரை மணிதான். வரும்போது ரெண்டு மணிக்குக் கிளம்பி ஏழரை ஆக்கிட்டான். அஞ்சரை மணி! அதே ஷார்ஜா, அதே சென்னை. போம்போது எறக்கம், வரும்போது ஏத்தமா?"

பாய் சிரிக்காம, "ஏத்தந்தான் அண்ணாத்த"ன்னார். "ஒண்ணரை மணி நேரம் ஏத்தம். போம்போது அந்த ஊர்க்காரன் உங்களுக்குக் கடன் குடுத்தான், வரும்போது வாங்கிக்கினான்." அவரும் "அதான பாத்தேன்"ன்னு தலையை ஆட்டிக்கினு கீழ எறங்கிப் போயிட்டார். நான் புஸ்தகத்துல மூஞ்சியைப் பொதச்சுக்கினு சிரிச்சேன்.

தூரம் கேட்டு வர்றவங்களும் உண்டு. அவங்களுக்குன்னு பாய் ஒரு பூகோள உருண்டையும், ஒரு பச்சை நூலும் வச்சிருந்தார். சென்னை மேல நூலோட ஒரு முனையை வச்சு, நியூயார்க் மேல இன்னொரு முனையை வச்சு இழுத்தா, நூல் அரபிக்கடல் பக்கமே போகாது. நேரா வடக்க ஏறும். ரஷ்யா, பனிக்கட்டிக் கடல், அங்கேர்ந்து கனடா மேல எறங்கும். பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரும். மேப்புல பாத்துப் பழகினவங்க ஒத்துக்கவே மாட்டாங்க. "தட்டையா பாக்காதீங்க, ஒலகம் உருண்டை"ம்பார் பாய்.

எல்லாம் முடிஞ்சு கடைசியா ஒரு மஞ்சச் சீட்டு எழுதுவோம். எந்தக் கிழமை, காலையா சாயந்திரமா, நம்ம கடிகாரத்துல எத்தனைக்கு எறங்குவாங்கன்னு தமிழ்ல எழுதி, கஸ்டமரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லணும். படிச்சாதான் டிக்கெட் கைக்குப் போவும். படிக்கத் தெரியாதவங்களா, நாம சொல்லி அவங்க திருப்பிச் சொல்லணும். இந்த ஒண்ணுல மட்டும் பாய் சாதிச்சுடுவார். எனக்கு இது பேஜாரா இருக்கும். பத்து பேர் காத்துகினு இருக்கும்போது இன்னாத்துக்கு இந்தப் பள்ளிக்கூடம்னு மனசுக்குள்ள திட்டிக்குவேன்.

வேலைக்குச் சேந்து ஒரு பத்து வருஷம் ஆனதும் எனக்குத் தலைக்கனம் வந்துடுச்சு. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, நல்லாவே வந்துடுச்சு. புஸ்தகத்தைப் பாக்காமலே வழி சொல்லுவேன். துபாய் நாலு மணி, லண்டன் பத்தரை மணின்னு நாங்க ஆபீஸ்ல சுருக்கமா பேசிக்குவோம். 'நேரம்'ங்கிற வார்த்தையை இழுத்துச் சொல்ல எவளுக்குப் பொறுமை இருந்துச்சு? மத்த ஏஜென்சிக்காரன் முப்பது மணி சொல்ற எடத்துல நான் இருபத்தஞ்சுல கொண்டாந்து நிறுத்துவேன். அதுல எனக்கு ஒரு கெத்து.

அந்த சமயத்துல, பொங்கல் முடிஞ்ச ஒரு திங்கக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். உயரமா, ஒல்லியா ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, பட்டன் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். பேர் ஆரோக்கியசாமி. செங்கல்பட்டு ஜங்ஷன்ல கேபின்ல லீவர் இழுத்து சிக்னல் போடுற வேலையில முப்பத்தாறு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு துண்டுச் சீட்டை மேசை மேல வச்சார். அமெரிக்கா போன் நம்பர்.

"எம் பொண்டாட்டி பதிமூணு மணிக்குத் தவறிட்டா"ன்னார். "பையன் நியூயார்க்ல இருக்கான். எத்தனி சீக்கிரம் முடியுமோ கொண்டாந்து சேத்துடுங்க."

பையன் பேர் பிலிப்பு. மாமல்லபுரத்துப் பட்டறையில உளி புடிச்சுக் கத்துக்கினவன். நியூயார்க் பக்கத்துல புதுசா கட்டுற ஒரு பெருமாள் கோயிலுக்குத் தூண் செதுக்கப் போயிருந்தான். போயி ஒண்ணரை வருஷம். அவன் அம்மா ரோஸ்மேரிக்குக் கிட்னி கெட்டு, கடைசிப் பத்து நாளா "பிலிப்பு வந்துட்டானா, பிலிப்பு வந்துட்டானா"ன்னு அதே பேச்சாம்.

"தோ வந்துகினே கீறான்னு டெய்லி சொன்னேன்"ன்னார் பெரியவர். "அவன் கிளம்பவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். நேத்து எங்கையைப் புடிச்சுகினு, 'அவன் வராம என்னை மூடிடாதய்யா'ன்னா. மூட மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்மா."

அழல. சட்டைப் பட்டனை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கினார். பாய் எழுந்து வந்து அவர் தோள்ல கை வச்சார். எனக்கு மட்டும் கண்ணுல தண்ணி வந்து புஸ்தகத்து எழுத்தெல்லாம் கலங்கிப் போச்சு.

தொடச்சுக்கினு உக்காந்தேன். நேர் வழியில எல்லாம் சீட்டு ஃபுல். கெடச்ச ஒரு வழி முப்பத்தாறு மணி நேரம் இழுத்துச்சு. விடல நான். நியூயார்க்ல இருந்து லண்டன், லண்டன்ல ரெண்டு மணி நேரத்துல அடுத்த ப்ளேன் புடிச்சு பம்பாய், பம்பாய்ல உள்நாட்டு ஏர்போர்ட்டுக்கு மாறி, விடியக்காலை மொத ப்ளேன்ல சென்னை. ஒவ்வொரு ஊர்லயும் மாறுறதுக்கு கொறஞ்சபட்சம் இத்தனை நிமிஷம் வேணும்னு புஸ்தகத்தோட பின்னாடிப் பக்கத்துல இருக்கும். அதையும் பாத்தேன், சரியா உக்காந்துச்சு. இங்க நாம ஏற்பாடு பண்ணினா அந்த ஊர் ஏர்போர்ட்ல டிக்கெட்டைக் கையில குடுப்பாங்க. அதுக்கு ஏர்லைன்ஸோட சென்னை ஆபீஸுக்கு எத்தனை தடவை போன் போட்டேன்னு கணக்கில்ல. பிலிப்புகிட்ட பாயே பேசினார். அவங்க ஊர்ல திங்கக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ப்ளேன். நமக்கு அது செவ்வாக்கிழமை காலை ஒம்பது.

செவ்வாக்கிழமை காலையில பத்து மணிக்கு சென்னையில இருந்து போன் வந்துச்சு. பையன் ஏறிட்டான். எனக்கு சந்தோஷம் தாங்கல. பாய் அன்னிக்கு கேளம்பாக்கத்துல ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தார். வெளிய பெஞ்சு நிறைய ஆளுங்க. பெரியவர் வூட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை நம்பர் குடுத்திருந்தார். போட்டேன். கூப்பிட்டு விட்டாங்க. மூச்சு வாங்கிக்கினு வந்து எடுத்தார்.

"ஐயா, பிலிப்பு ஏறிட்டாரு!"

"ஏறிட்டானா?"

"ஏறிட்டாருங்கய்யா. எல்லாம் கன்ஃபார்ம். இருபத்து மூணு மணி! இதைவிட சீக்கிரமா யாராலயும் கொண்டாந்து சேக்க முடியாது."

அவர் குரல் சட்டுனு கம்மிடுச்சு.

"இருபத்து மூணு மணியா?"

"ஆமாங்கய்யா. இருபத்து மூணு."

"நாளைக்கு."

"ஆமா, நாளைக்கு."

"நாளைக்கு இருபத்து மூணு மணி. சரிம்மா"ன்னு சொல்லி வச்சுட்டார்.

பாத்தீங்களா? திருப்பிச் சொன்னார். நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம திருப்பிச் சொன்னார். பாய் போட்ட சட்டத்தை நான் மீறவே இல்லன்னு அன்னிக்கு நிம்மதியா தயிர்சாதம் சாப்ட்டேன். அவர் குரல் கம்மிப் போனதை நான் கவனிச்சேன். பொண்டாட்டியைப் பறிகுடுத்த மனுஷன், குரல் அப்படித்தானே இருக்கும்னு விட்டுட்டேன்.

புதன்கிழமை காலை ஒம்பது பத்துக்கு ஆரோக்கியசாமியோட மாப்பிள்ளை ஸ்டீபன் மாடியேறி வந்தார். சட்டையில கறுப்புத் துணி குத்தியிருந்தார். கீழ தெருவுல பேண்டு சத்தம் தூரமா போய்க்கினு இருந்துச்சு.

"அக்கா, நைட்டு ஏர்போர்ட்டுக்கு ஒரு வண்டி சொல்லணும். பதினோரு மணிக்கு மச்சான் எறங்குறாப்ல."

"எந்த மச்சான்?"

"பிலிப்பு மச்சான்தான்."

"இன்னா சொல்றீங்க? அவரு காலையில எட்டு மணிக்கே எறங்கியிருப்பாரே!"

"நீங்கதானேக்கா இருபத்து மூணு மணின்னு சொன்னீங்க? மாமா வந்து சொன்னாரு. நைட்டு பதினொண்ணுன்னா நாளைக்குத்தான் அடக்கம் பண்ண முடியும். நாலாவது நாளு. நோயில கெடந்த ஒடம்பு, தாங்காதுன்னு சொந்தக்காரங்க ஒரே புடியா புடிச்சாங்க. மாமா நேத்து பூரா ஒத்துக்கல. காலையிலதான் சரின்னாரு. தோ, கல்லறைக்குத் தூக்கினு போறாங்க."

ரயில்வேகாரங்களுக்கு ராத்திரி பதினொண்ணுன்னு ஒண்ணு கெடையாதே! மத்தியானம் ஒண்ணு அவங்களுக்குப் பதிமூணு மணி. ராத்திரி பதினொண்ணு இருபத்து மூணு மணி. வேற யார்கிட்ட நான் 'இருபத்து மூணு மணி'ன்னு சொல்லியிருந்தாலும் பிரயாண நேரம்னு புரிஞ்சுக்கினு இருப்பாங்க. கடிகாரத்துல பன்னெண்டுக்கு மேல ஏதும்மான்னு சிரிச்சிருப்பாங்க. முப்பத்தாறு வருஷம் கேபின்ல உக்காந்த மனுஷனுக்கு அது நேரா கடிகாரம். டைம்டேபிள்ல போட்டது போட்டதுதான், அதை எதுத்துக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத ஆளு.

பாய் எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தார். பழக்கத்துல ரிசீவர் பக்கம் கை போச்சு, நின்னுடுச்சு. கல்லறையில ஏது போன்?

"நீயே போய் சொல்லிடும்மா"ன்னார். "ஓடு. அந்தப் புள்ள எறங்கிச்சான்னு நான் ஏர்போர்ட்டுக்குப் போட்டுக் கேக்கறேன்."

ஸ்டீபன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில பின்னாடி ஏறினேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கினேன், ரெண்டு கால்லயும் செருப்பு இல்லன்னு பாதி வழியிலதான் தெரிஞ்சுது. கல்லறை கேட்டுல வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே குதிச்சேன். பொட்டி குழி ஓரத்துல இருந்துச்சு. மூடி போட்டாச்சு. ஒருத்தர் குந்திக்கினு ஆணி அடிச்சுகினு இருந்தார். ஆரோக்கியசாமி கையில மண்ணை எடுத்து வச்சிருந்தார்.

"ஐயா! வேணாங்கய்யா! நிறுத்துங்க! அது மணி இல்ல, மணி நேரம்! பிலிப்பு எறங்கிட்டாரு! காலையிலயே எறங்கிட்டாரு!"

அத்தனை பேரும் என்னைப் பைத்தியக்காரி மாதிரி பாத்தாங்க. அவர் ஒருத்தருக்குத்தான் அந்த நொடியே புரிஞ்சுது. கையில இருந்த மண்ணை உதறினார். ரெண்டு கையையும் தலைக்கு மேல நேரா தூக்கி அப்படியே நின்னார். கொடியும் இல்ல, விளக்கும் இல்லன்னா ரயிலை நிறுத்த ரயில்வேகாரங்க காட்டுற சிக்னல் அதுதானாம். எனக்கு அது அப்புறம்தான் தெரியும். அங்க வந்திருந்த பாதிப் பேர் அவரோட வேலை செஞ்சவங்க. ஆணி அடிச்சுகினு இருந்தவர் சுத்தியலைக் கீழ போட்டுட்டார். பேண்டுக்காரங்க, கயித்தைப் புடிச்சவங்க, பாட்டுப் பாடினவங்க, எல்லாரும் நின்னுட்டாங்க.

ஃபாதர் வாட்ச்சைப் பாத்தார். அவருக்குப் பதினோரு மணிக்கு மதுராந்தகத்துல பூசை. "பத்து மணி வரைக்கும் நிக்கிறேன்"ன்னார். மணி ஒம்பது இருபத்தஞ்சு.

பொட்டியைக் குழியோரத்துல இருந்து தூக்கி வேப்பமரத்து நிழல்ல வச்சாங்க. ஆரோக்கியசாமி அதுக்குப் பக்கத்துல தரையிலயே உக்காந்துட்டார். நான் அவர் கால்ல விழப் போனேன். விடல. கையைப் புடிச்சு உக்கார வச்சார்.

"இப்ப எங்கம்மா வந்துகினு இருப்பான்?"

எனக்கென்ன தெரியும்? பம்பாய்ல அந்தப் ப்ளேனைப் புடிச்சானான்னே தெரியாது. லண்டன்ல ப்ளேன் லேட்டாயிருந்தா எல்லாம் போச்சு. ஆனா கணக்கு இருக்கே, அந்தப் பாழாப்போன கணக்கு. எட்டுக்கு எறங்கி, பெட்டியை எடுத்து, கூட்டிப் போக யாருமில்லாம அரை மணி நேரம் தேடியிருப்பான், அப்புறம் டாக்ஸி.

"தாம்பரம் தாண்டியிருப்பாருங்கய்யா"ன்னேன்.

அவர் பொட்டி மேல கையை வச்சார். "ரோசு, தாம்பரம் தாண்டிட்டானாம்"னார்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் என் மூஞ்சியைப் பாத்தார்.

"வண்டலூருங்கய்யா."

"ரோசு, வண்டலூரு."

ஊரப்பாக்கம் சொன்னேன். கூடுவாஞ்சேரி சொன்னேன். ஒவ்வொண்ணையும் அவர் பொட்டிகிட்ட சொன்னார். சுத்தி நின்ன பொம்பளைங்க வாயைப் பொத்திக்கினு அழுதாங்க. காட்டாங்குளத்தூர். நான் வாட்ச்சைப் பாக்கறேன், கேட்டைப் பாக்கறேன், ஒரு ஸ்டேஷனை எவ்ளோ நேரம் இழுக்க முடியுமோ அவ்ளோ நேரம் இழுக்கறேன். மறைமலை நகர்ல நாலு நிமிஷம் நிறுத்தினேன். பாய்கிட்ட இருந்து ஆள் வருவாங்கன்னு பாத்தா ஒருத்தரையும் காணோம். மாதாவே, மாரியாத்தா, அல்லாவேன்னு எனக்குத் தெரிஞ்ச எல்லாரையும் கூப்ட்டேன்.

"சிங்கப்பெருமாள் கோயிலுங்கய்யா."

"ரோசு, சிங்கப்பெருமாள் கோயில் வந்துட்டான். இன்னும் கொஞ்ச நேரந்தான்."

பத்துக்கு மூணு நிமிஷம் இருக்கும்போது பரனூர் சொன்னேன். அதுக்கப்புறம் சொல்றதுக்கு ஸ்டேஷனே இல்ல. அடுத்தது செங்கல்பட்டுதான். மூணு நிமிஷமும் போச்சு. கேட்டுல ஒரு வண்டியும் இல்ல. ஃபாதர் புஸ்தகத்தைக் கையில எடுத்துக்கினு பக்கத்துல வந்து நின்னார். ஆரோக்கியசாமி என்னைப் பாத்தார். நான் தலையைக் குனிஞ்சுக்கினேன். நான் இவ்ளோ நேரம் சொன்னதெல்லாம் கணக்கு, நெசம் இல்லன்னு அப்ப அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அது நல்லா வெளங்குச்சு.

அவர் எழுந்தார். வேட்டி மண்ணைத் தட்டிவிட்டார்.

"அவுட்டர்ல நிக்குது ஃபாதர்"ன்னார். ஸ்டேஷனுக்கு வெளிய லைன் கெடைக்காம ரயிலு நிக்கும் இல்ல, அதைச் சொன்னார். "லைன் குடுத்தா வந்துடும். எத்தனி ரயிலுக்கு நான் காத்திருக்கேன். இதுக்கு இருக்க மாட்டேனா?"

ஃபாதர் புஸ்தகத்தை மூடி அக்குள்ல வச்சுக்கினார்.

பத்தே காலுக்கு ஒரு மஞ்சக் கூரை அம்பாசிடர் கேட்டுல வந்து நின்னுச்சு. உள்ளயிருந்து ஒருத்தன் எறங்கினான். இந்த வெயில்ல முட்டி வரைக்கும் தொங்குற கம்பளிக் கோட்டு. வூட்டுக்குப் போயி, பூட்டுன கதவைப் பாத்து, பக்கத்துல கேட்டுகினு ஓடி வந்திருக்கான். கூட்டத்தைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டான். கிட்ட வர்றதுக்கு பயம், லேட்டாயிடுச்சோன்னு.

"வாடா"ன்னார் ஆரோக்கியசாமி. "இன்னும் மூடல."

அதுவரைக்கும் அடிச்சிருந்த மூணு ஆணியையும் அவரே சுத்தியல் வாங்கிப் புடுங்கினார். மூடியை எடுத்தாங்க. பிலிப்பு கோட்டோட மண்ணுல முட்டி போட்டான். அம்மான்னு ஒரே ஒரு தடவைதான் கூப்ட்டான். கல்லு செதுக்குற கை, காய்ச்சுப் போயிருந்துச்சு. அந்தக் கையால அவங்க நெத்தியைத் தடவிக்கினே இருந்தான். அதை நின்னு பாக்க எனக்கு சக்தியில்ல. வேப்பமரத்துக்குப் பின்னாடி போயி வாய்விட்டு அழுதேன்.

எல்லாம் முடிஞ்சு, மண்ணு போட்டு, கூட்டம் கலைஞ்சு போறப்ப பிலிப்பு என்கிட்ட வந்தான். கண்ணு செவந்திருந்துச்சு.

"அக்கா, நீங்க அம்மாவுக்கு இன்னா வேணும்? ரொம்ப அழுதீங்களே."

நான்தான் தப்பா சொன்னவள்னு வாய் திறந்தேன். பாய் அனுப்பினதே அதுக்குத்தானே. அதுக்குள்ள பெரியவர் முந்திக்கினார்.

"உன்னை ஸ்டேஷன் ஸ்டேஷனா கூட்டினு வந்தவடா இவ"ன்னார்.

அவன் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கினு, "ரொம்ப தேங்க்ஸ்க்கா"ன்னான். அதை நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிக்கினேன்.